இயந்திரத்தின் குரல்வளை

மனிதன் உண்ணும் உணவைப் பற்றி எவ்வளவோ பேசுகின்றான். உள்ளிழுக்கும் காற்றை மூச்சு முட்டும்போதுதான் நினைக்கின்றான். மோட்டார் வண்டியின் நிலையும் இதுவே. பெற்றோல் விலை ஏறினால் நாடே பேசுகின்றது. ஆனால், ஒரு லீற்றர் பெற்றோல் செம்மையாக எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று வேண்டும் என்பதை வண்டி வைத்திருப்போருள் எத்தனை பேர் அறிவர்? நிறையளவிற் கூறின், ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது இயந்திர நூலார் கணக்கு. இக்காற்றை வேண்டும் அளவிற்கு உள்ளே விடும் வாயிலே ‘திரொட்டில்’ என்னும் உறுப்பு. ஆங்கிலத்தில் அச்சொல் தொண்டையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. ஆகவே, இதனை இயந்திரத்தின் குரல்வளை என்று நாம் அழைப்பது பொருத்தமேயாகும்.

இதன் அமைப்பு மிக எளிது. காற்று வடிகட்டிக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் குழாய்களுக்கும் இடையில் அலுமினியத்தாலான ஒரு குறுங்குழல். அதன் நடுவே ஓர் அச்சிற் சுழலும் வட்டத் தகடு. தகடு குறுக்கே நின்றால் வழி அடைபடும். காற்றோட்டத்தின் திசையிற் சாய்ந்தால் வழி திறக்கும். வண்டி நின்ற நிலையில் இயந்திரம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 600 முதல் 800 சுற்று வரை சுழன்றுகொண்டிருக்கும்போது, அத்தகடு மிகச் சிறிதளவே திறந்திருக்கும். அந்த மெல்லிய இடைவெளியிற் படியும் அழுக்கே பல தொல்லைகளுக்கு வித்து.

கம்பியிலிருந்து கணினிக்கு

பழைய வண்டிகளில் மிதிக்கும் தகட்டிற்கும் இடையே ஓர் உருக்குக் கம்பி இருந்தது. கால் அழுத்தியது, கம்பி இழுத்தது, வாயில் திறந்தது. பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் வேலையைக் காபரேற்றர் செய்தது. எந்த உறுப்பு எதனை அசைக்கின்றது என்பதைக் கண்ணாற் கண்டு கையாற் தொட்டு அறியலாம். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொரிஸ் மைனர் முதலிய முதிய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்துச் சூடேற்றியபின் மண்ணெண்ணெயை ஊட்டினர். அவ்வித்தை எந்தக் கல்லூரியிலும் பயின்றதன்று; காற்றும் எரிபொருளும் எவ்வாறு கலக்கின்றன என்பதை நேரிற் கண்டதனால் வந்த அறிவு அது.

1967இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் மின்னணு முறையாற் பெற்றோலைப் பீச்சும் அமைப்பை வொக்ஸ்வாகன் வண்டியிற் பொருத்திற்று. 1980களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் உயர்தர வண்டிகளில் மிதிக்கும் தகட்டிற்கும் இடையிலிருந்த கம்பியும் நீங்கியது. இன்று வண்டியோட்டியின் கால் வாயிலைத் திறப்பதில்லை. திறக்குமாறு விண்ணப்பஞ் செய்கின்றது. மிதியிலுள்ள உணரி அவ்விண்ணப்பத்தை மின்செய்தியாக்கிக் கணினிக்கு அனுப்ப, கணினி ஒரு சிறு மோட்டாரை ஏவித் தகட்டைத் திருப்புகின்றது. தகடு எவ்வளவு திறந்தது என்பதை வேறோர் உணரி திரும்ப அறிவிக்கின்றது.

இம்மாற்றத்தால் நன்மைகள் பல. ஆயினும் ஒன்றை இழந்தோம். கண்ணுக்குத் தெரிந்த கோளாறு இன்று ஒரு குறியெண்ணுக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றது. குறியெண்ணை வாசிக்கும் கருவி எல்லாக் கராச்சிலும் உண்டு. அதன் பொருளை ஆராயும் பொறுமைதான் அரிதாகிவிட்டது. கருவி ‘திரொட்டில்’ என்று காட்டினால் திரொட்டிலைக் கழற்று; புதியதைப் பூட்டு; தீராவிட்டால் அடுத்ததைக் கழற்று என்பது பலரது நடைமுறை. இவ்வாறு செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் உரிய செலவைக் கொடுப்பவர் வண்டிக்குரியவரே.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் அதே பழைய வண்டியை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு, வேண்டாத ஓர் உதிரிப்பாகத்தின் விலை சிறிய சுமையன்று.

நோயைத் தேடும் ஒழுங்கு

நோய் இன்னதெனத் தெளிதல், அது தோன்றிய காரணத்தைத் தேடுதல், தணிக்கும் வழியறிதல், பின்னர் பிழையாது செய்தல் என்று மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த ஒழுங்கு இங்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் நோயின் குறிகள். நின்ற நிலையில் இயந்திரச் சுழற்சி ஏறியும் இறங்கியும் தள்ளாடும். சந்தியில் வண்டியை நிறுத்தியதும் இயந்திரம் அணைந்துபோகும். மிதியை அழுத்தினாலும் வேகம் எழத் தயங்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். சில வேளை கணினி வேகத்தை வேண்டுமென்றே அடக்கி, வீடு போய்ச் சேருமளவிற்கு மட்டும் வண்டியை நொண்டவிடும். எனினும், இக்குறிகள் திரொட்டிலுக்கே உரியனவல்ல. வெடித்த இறப்பர்க் குழாய், அழுக்கடைந்த காற்றளவு உணரி, தேய்ந்த பிளக், அடைபட்ட எரிபொருள் வடிகட்டி, தளர்ந்த மின்னிணைப்பு ஆகியவையும் இதே வேடம் புனைந்து வரும்.

ஆதலால் குறியெண்ணை அழிக்குமுன் எழுதிவைத்தல் வேண்டும். பி 2135 என்ற குறியெண்ணை எடுத்துக்கொள்வோம். நிலையுணரிகள் இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றோடொன்று இசையவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். உணரி பழுது என்பது ஒரு காரணம். செருகியிற் பாசி பிடித்தமையும், உள்ளே அறுந்த வயரும் பிற காரணங்கள். குறியெண் சாட்சியேயன்றித் தீர்ப்பன்று.

அடுத்து, சாவியை அணைத்துவிட்டுக் காற்றுக் குழாயைக் கழற்றி மின்விளக்கொளியிற் தகட்டைப் பார்த்தல் வேண்டும். இயந்திரத்தினுள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவி படிந்து கரும்பசையாகியிருப்பின், அதற்கென விற்கும் துப்புரவுத் திரவத்தைத் துணியிற் தெளித்து மெல்லத் துடைக்கலாம். சாவி திறந்திருக்கையில் விரலை நுழைத்தலாகாது. மோட்டார் தகட்டைத் திடீரென மூடினால் விரல் நசியும். தகட்டைப் பலவந்தமாகத் திருப்பினால் உள்ளிருக்கும் பற்சில்லுகள் பழுதடையும். பல வண்டிகளின் நோய் இத்துப்புரவோடு தீர்ந்துவிடுகின்றது.

தீராவிடின், தகட்டிற்கு அப்பால் எங்காயினும் களவாகக் காற்று நுழைகின்றதா என்று குழாய்களையும் பொருத்துகளையும் ஆராய்க. அதன் பின்னரே மின்சோதனை. உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவனுக்கு இது புதியதன்று. பெரும்பாலும் உணரிக்கு 5 வோல்ற்று வழங்கப்படுகின்றது. தகடு திறக்கத் திறக்க, ஓர் உணரியின் வெளியீடு அரை வோல்ற்று அளவிலிருந்து நாலரை வோல்ற்று அளவிற்குச் சீராக ஏறும். மற்றையது வண்டியின் அமைப்பிற்கேற்ப எதிர்த்திசையில் இறங்கும். அல்லது வேறொரு விகிதத்தில் ஏறும். வழங்கும் மின்னும், நிலத் தொடர்பும், வயர்களும் சரியாயிருந்தும் வெளியீடு துள்ளினாலோ, துப்புரவின் பின்னும் தகடு சிக்கிக்கொண்டாலோ, உறுப்பு பழுது என்று அப்போது துணியலாம்.

மாற்றும் முறை

புதிய உறுப்பு பழையதன் பாக எண்ணோடு பொருந்தவேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உருவொத்த உறுப்புகள் கிடைக்கலாம். உருவ ஒற்றுமை போதாது.

இயந்திரம் நன்கு ஆறியிருக்கவேண்டும். சில வண்டிகளில் இவ்வுறுப்பினூடாகக் குளிர்விக்கும் நீரும் ஓடுகின்றது. பற்றரியின் மறைமுனையைக் கழற்றுக. காற்றுக் குழாய், மின்செருகி, நீர்க்குழாய் இருப்பின் அதுவும், பின்னர் மூன்று அல்லது நான்கு ஆணிகள் என்பது கழற்றும் வரிசை. திறந்த துவாரத்தைத் தூய துணியால் மூடிவைத்துப் பொருந்தும் முகத்தைத் துடைக்க. துணியை எடுக்க மறந்தவர் புதுநோய் ஒன்றை உண்டாக்கியவராவர். புதிய கஸ்கற் இட்டு, ஆணிகளைக் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக, தயாரித்தோர் குறித்த அளவிற்கே இறுக்குக. அலுமினியம் மிகை பலத்தைப் பொறுக்காது.

பூட்டியவுடன் வேலை முடிந்ததென்று எண்ணற்க. பழைய தகட்டின் மூடிய நிலையையே கணினி மனத்தில் வைத்திருக்கும். புதியதை அதற்குக் கற்பித்தல் வேண்டும். சில வண்டிகளில் சாவியைத் திறந்து மூடும் ஒழுங்கினாலும், சிலவற்றிற் கருவியினாலும் இது நிகழும். இதனைச் செய்யாது விட்டுப் புதிய உறுப்பும் பழுதென்று திருப்பிக் கொடுத்தோர் பலர். பின்னர் குறியெண்ணை அழித்து, நீரளவைச் சரிபார்த்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, குறியெண் மீளத் தோன்றவில்லை என்பதைக் கண்டபின்னரே பணி நிறைவெய்தும்.

ஐயமும் சான்றும்

இத்துறையில் ஐயத்திற்கும் சான்றிற்கும் உள்ள தூரத்தை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் ரொயோற்றா நிறுவனம் தன் வண்டிகளை இலட்சக்கணக்கில் திருப்பியழைத்தது. வண்டிகள் தாமாகவே வேகமெடுக்கின்றன என்ற முறைப்பாடு அமெரிக்காவில் எழுந்திருந்தது. மின்னணுத் திரொட்டிலே குற்றவாளி என்று பலரும் ஐயுற்றனர். அமெரிக்க அரசு விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் பொறியியலாளரைக் கொண்டு ஆராய்ந்தது. அத்தகைய பெருவேகத்தை விளைவிக்கக்கூடிய மின்னணுக் குறையெதனையும் தாம் காணவில்லை என 2011இல் அவ்வறிக்கை கூறிற்று. மிதியிற் சிக்கிய தரைவிரிப்பும், அழுத்திய இடத்திலே ஒட்டிக்கொண்ட மிதியும் திருப்பியழைத்தலுக்குக் காரணங்களாயிருந்தன. ஆகவே, எத்தகைய சோதனைக்கும் முன்னர் காலடி விரிப்பைச் சரிபார்ப்பது நன்று. ஓடும்போது வேகம் அடங்காவிடின், தடையை முழுப்பலத்தோடு அழுத்தி, கியரை நடுநிலைக்கு மாற்றி, வண்டியை ஓரமாக நிறுத்தியபின் இயந்திரத்தை அணைக்கவேண்டும்.

நம் மாணவர் பௌதிக நூலிற் படிக்கும் மின்னழுத்தமும் காற்றமுக்கமும் தெருவோரக் கராச்சில் உயிரோடு இயங்குகின்றன. ஆயினும் படித்தவன் கையை அழுக்காக்க நாணுகின்றான். கையை அழுக்காக்குபவனுக்கோ தாய்மொழியில் இத்துறை நூல்கள் போதியனவாக இல்லை. இவ்விருவருக்கும் இடையே உள்ள வழியைத் திறப்பது ஆசிரியர்களாலும் எழுத்தாளர்களாலும் ஆகவேண்டிய பணி. அதுவரையில், வண்டியைத் திருத்தக் கொடுப்போர் ஒரு வினாவையாவது கேட்கப் பழகுவோமாக: “இது பழுது என்று எதனாற் கண்டீர்கள்?” நல்ல தொழிலாளி அவ்வினாவைக் கேட்டு மகிழ்வான், விடையும் சொல்வான்.