ஓவியம் படிக்க வைக்கலாமா? நுண்கலைப் பட்டம் பற்றிப் பெற்றோருக்கு

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடும். மருத்துவமா, பொறியியலா, பி.காமா? நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களையெல்லாம் படங்களால் நிரப்பி வைத்திருக்கும் பிள்ளை, "நான் ஓவியம் படிக்கட்டுமா வாப்பா?" என்று கேட்டால், "அதெல்லாம் பொழுதுபோக்கு" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். கூடவே, "உருவம் வரைவது கூடுமா?" என்ற கேள்வியும் எழும். இரண்டும் நியாயமான தயக்கங்களே. ஆனால், படிப்பு என்னவென்று தெரியாமல் மறுப்பதும் சரியல்ல. தெரியாமல் சேர்த்துவிடுவதும் சரியல்ல.

பி.எஃப்.ஏ. எனப்படும் இளங்கலை நுண்கலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. டெல்லி ஜாமியா மில்லியாவிலும் அலிகர் பல்கலைக்கழகத்திலும் நுண்கலைப் படிப்பு உண்டு. பல கல்லூரிகளில் இருக்கும் விஸ்காம் இதுவல்ல. அது ஊடகப் படிப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் அநேகம்.

இந்தப் படிப்பில் பெரும்பகுதி நேரம் ஸ்டூடியோவில்தான் கழியும். தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி: பென்சில் கோடு, வண்ணம், களிமண், எதிரே வைத்த குடத்தையும் துணியையும் பார்த்து வரைதல். பிறகு ஓவியம், சிற்பம், பதிப்போவியம், துணி வடிவமைப்பு, மட்பாண்டம் போன்ற பிரிவுகளில் ஒன்றுக்குச் செல்வார்கள். பதிப்போவியத்தை எடுத்துக்கொள்வோம். துத்தநாகத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு, கீறல் அரித்த பள்ளத்தில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுக்க வேண்டும். அமிலத்தில் கொஞ்சம் அதிக நேரம் கிடந்துவிட்டால் பல நாள் உழைப்பு வீண். முடித்த வேலையைச் சுவரில் மாட்டி, ஆசிரியரும் சக மாணவரும் குறை சொல்வதைக் கேட்டு நிற்பதும் படிப்பின் ஒரு பகுதிதான். கலை வரலாறு எழுத்துத் தேர்வாக வரும்.

சேர்க்கைக்கு மதிப்பெண் மட்டும் போதாது. வரைதிறன் தேர்வும் இருக்கும். செல்போனில் வந்த படத்தைப் பார்த்து அப்படியே வரையும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சமையலறைப் பாத்திரம், வாசலில் கிடக்கும் செருப்பு, தெருமுனைக் கடை என்று கண்ணால் கண்டதை ஒரு வருடம் தினமும் வரைந்து பழகியிருக்க வேண்டும்.

இனி, உருவப்பட விஷயம். உயிருள்ளவற்றின் உருவம் வரைவதில் மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு அறிந்ததே. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால், அடிப்படைப் பயிற்சியில் ஆளை அமர வைத்து வரைவது உண்டு என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் உறவில் ஒரு பெண் இது தெரியாமலே சேர்ந்தாள். வீட்டார் பாதியில் அறிந்து, படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடம் போனது. அவள் அதன்பின் பென்சிலையே தொடவில்லை. நம்பிக்கையான ஆலிமிடம் கேட்பதையும், பாடத்திட்டத்தில் எது கட்டாயம் என்று துறையில் விசாரிப்பதையும் விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

உருவம் இல்லாமல் கலையா என்று கேட்பவர்களுக்கு இரு பெண்களைச் சொல்லலாம். இருவரும் 1937-ல் பிறந்தவர்கள். நஸ்ரீன் முஹமதி லண்டனில் கலை படித்து, 1972 முதல் பரோடா நுண்கலைத் துறையில் பாடம் நடத்தியவர். மையாலும் பென்சிலாலும் இழுத்த நேர்கோடுகளே அவருடைய புகழ்பெற்ற ஆக்கங்கள். ஸரீனா ஹாஷ்மி அலிகரில் கணிதம் படித்துவிட்டுப் பதிப்போவியத்துக்கு வந்தவர். வீட்டின் தரைப்படத்தையும் எல்லைக்கோட்டையும் உருதுச் சொற்களையும் மரத்தில் செதுக்கி அச்சிட்டார்.

வருமானம்? ஓவியம், சிற்பம் மட்டும் படித்தவருக்கு ஆரம்ப வருடங்கள் கடினம்தான், மறைப்பதற்கில்லை. துணி வடிவமைப்பு, மட்பாண்டம் படித்தவர்களுக்குத் தொழிற்சாலை வழி உண்டு. இது முழுமையான பட்டம் என்பதால், ஏதேனும் ஒரு பட்டம் கேட்கும் அரசுப் போட்டித் தேர்வுகளையும் எழுதலாம். மாணவர் கண்காட்சி நடக்கும் நாளில் பிள்ளையுடன் ஒருமுறை போய், கடைசி ஆண்டு மாணவர்களிடமே இதைக் கேட்டுப் பாருங்கள்.