வீடு விற்கும்போது வரும் மின் பரிசோதனை அறிக்கை: எதை மறுக்கலாம், எதை மறுக்கக்கூடாது?

வலிகாமத்தில் இருக்கும் எங்கள் வீடு 1974இல் கட்டப்பட்டது. அக்காவோடு போய் இருப்பதற்காக அம்மா அதைக் கடந்த வருடம் விற்கத் தீர்மானித்தார். கனடாவில் இருந்து ஒருவர் கேட்டார், விலையும் பொருந்தியது. பிறகு அவர் அனுப்பிய மின் பரிசோதகர் ஒருவர் அரை நாள் வீட்டைப் பார்த்துவிட்டு நான்கு பக்க ஆங்கில அறிக்கை கொடுத்தார். அதில் 11 குறைகள். முடிவு ஒற்றை வரி: முழு வீட்டுக்கும் புதிதாக வயரிங் செய்ய வேண்டும். விலையில் 12 இலட்சம் ரூபா குறைக்கும்படி தரகர் சொன்னார்.

"எழுதித் தந்திட்டாங்கள் பிள்ளை, இனி அதோட என்ன கதைக்கிறது?" என்றார் அம்மா. பதிவு, அனுமதி, விசாரணை என்று எத்தனையோ காகிதங்களுக்குப் பயந்து வாழ்ந்த தலைமுறை அது. எனக்கோ கோபம். எல்லாம் பொய் என்று சண்டை பிடிக்கவே நினைத்தேன். இரண்டுமே பிழை என்பது பிறகுதான் விளங்கியது.

அறிக்கை தீர்ப்பு அல்ல

பிரான்ஸில் 15 வருடத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புள்ள வீட்டை விற்க மின் பரிசோதனை அறிக்கை சட்டப்படி தேவை. இலங்கையில் வீட்டு உறுதி எழுத அப்படி ஒன்றும் கேட்கப்படுவதில்லை. ஆகவே வாங்குபவர் எடுக்கும் அறிக்கை, பேரம் பேசுவதற்கான அவருடைய ஆவணம் மட்டுமே. காணி, வீடு விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசின் முன் எழுத்தில் கைச்சாத்தானால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் தொட்டு இதுவே விதி. தொலைபேசியில் "சரி, குறைக்கிறோம்" என்று சொல்லியிருந்தாலும் நீங்கள் இன்னும் கதைக்கலாம்.

ஆனால் அறிக்கை கைக்கு வந்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. தெரிந்த குறையை மறைத்து விற்றால் பின்னர் வழக்குக்கு இடமுண்டு.

குறைகளைப் பிரித்துப் பாருங்கள்

அந்த 11 குறைகளையும் நான் மூன்றாகப் பிரித்தேன்.

முதலாவது, பழசு என்பதே குறையாக எழுதப்பட்டவை. சிவப்பு, கறுப்பு வயர்கள், உருண்டை முள் பிளக்குகள், மரப்பலகையில் பூட்டிய சுவிட்சுகள். இன்று வயர்களின் நிறம் மண்ணிறமும் நீலமும். பிளக் சதுர முள் 13 அம்பியர். நம் பொறியியலாளர்கள் பின்பற்றும் பிரித்தானியத் தரநூலே, முந்தைய பதிப்பின்படி செய்த இணைப்பு புதிய பதிப்போடு பொருந்தாததால் மட்டும் அது ஆபத்தானது ஆகிவிடாது என்கிறது. இவற்றை மறுக்கலாம். எங்களுக்கு இப்படி ஐந்து இருந்தன.

இரண்டாவது, அளவு இல்லாத குற்றச்சாட்டுகள். "வயர்களின் காப்பு மோசம்" என்று இருந்தது. காப்பைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. மெயின் சுவிட்சை நிறுத்தி, மெகர் கருவியால் 500 வோல்ட் கொடுத்து அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். குளிர்சாதனப் பெட்டியோ தொலைக்காட்சியோ பிளக்கில் கிடந்தால் வாசிப்பு பொய்யாகக் குறையும். எங்கள் அறிக்கையில் வாசிப்புக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. இந்த வகைக்கு ஒரே கேள்வி போதும்: "எந்த அறையில், எந்த லைனில், எவ்வளவு?" அதை எழுத்தில் கேளுங்கள்.

போரில் அடிபட்ட வீடுகளுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். 1990இல் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு அறைகளில் வயரே இல்லை, உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா கிடைத்த வயரைக் கொண்டு அறை அறையாகப் பூட்டினார். ஒரே வீட்டுக்குள் மூன்று காலத்து வயர். வரைபடமும் இல்லை, ரசீதும் இல்லை. இப்படியான வீட்டை "முழுக்க மோசம்" என்றோ "முழுக்க நல்லது" என்றோ எவராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, உண்மையான ஆபத்து. ட்ரிப் சுவிட்ச் இல்லை, ஏர்த் வேலை செய்யவில்லை என்று இரண்டு குறைகள். நான் கடைசிவரை நம்பாதவை இவைதான்.

அம்மாவின் செருப்பு

தகுதிச் சான்றிதழ் உள்ள வேறொருவரைக் கூலிக்குப் பிடித்தோம். முதல் பரிசோதகரையும் நேரில் நிற்கும்படி கேட்டோம், வந்தார். பிளக்குகளையெல்லாம் கழற்றி, ஒவ்வொரு லைனாக அளந்தார்கள். மூன்று அறைகளில் 20 மெகா ஓமுக்கு மேல். குசினி லைனில் 0.3. கிணற்று மோட்டருக்குப் போகும் ஏர்த் வயர் மண்ணுக்குள் உக்கி அறுந்து கிடந்தது.

"மோட்டர் எப்பவாவது அடிச்சிருக்கா அம்மா?" என்று அவர் கேட்டார்.

"சாதுவா அடிக்கும் தம்பி. அதுக்குத்தானே செருப்புப் போட்டுக்கொண்டு போறனான்."

பல வருடமாக அப்படித்தான் போயிருக்கிறார்.

அவர் விளக்கினார். இங்கு பெரும்பாலான வீடுகளின் ஏர்த், வளவில் அடித்த கம்பியையே நம்பியிருக்கிறது. கோடையில் மண் காய்ந்து அதன் தடை 100 ஓம் ஆனால், 230 வோல்டில் ஓடுவது 2.3 அம்பியர் மட்டுமே. 15 அம்பியர் பியூஸ் எரியாது, மோட்டரின் உடலில் மின்சாரம் அப்படியே நிற்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எங்களிடம் அதுவும் இல்லை, ஏர்த்தும் இல்லை.

எப்படி முடிந்தது

வாசிப்புகளை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்கினோம். முழு வயரிங் என்ற பேச்சு அதோடு நின்றது. குசினிக்கும் மோட்டருக்கும் புது லைன், புது ஏர்த் கம்பி, ட்ரிப் சுவிட்ச். எல்லாமாக 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. விலையில் கழிக்கவும் வாங்குபவர் சம்மதித்தார். ஆனால் உறுதி எழுத இன்னும் இரண்டு மாதம் இருந்தது, அதுவரை அந்த மோட்டரைப் போடப்போவது அம்மா. அடுத்த கிழமையே நாங்கள் வேலையைச் செய்வித்தோம். செய்த வேலையையும் புதிய வாசிப்புகளையும் விற்பனை உடன்படிக்கையில் எழுதச் சொன்னோம்.

விற்கும் நாள் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்றே மின் பலகையைத் திறந்து 'டி' என்று எழுதிய பொத்தானை அழுத்திப் பாருங்கள். வீட்டு மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டாலோ, அப்படி ஒரு பொத்தானே இல்லாவிட்டாலோ, முதலில் ஆளைக் கூப்பிடுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.