எட்டு மடங்கு அரிசிக்கு எத்தனை தம்ளர் தண்ணீர்?

எங்கள் வீட்டில் நான்கு பேருக்குத் தக்காளி சாதம் என்றால் 2 தம்ளர் பச்சரிசி, 4 தம்ளர் தண்ணீர். மகளின் காதுகுத்துக்கு முதல் நாள் இரவே உறவுகள் வந்து இறங்கிவிட்டார்கள். எங்களையும் சேர்த்து 32 பேர். நான் கணக்கு படித்தவன். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8. ஆக 16 தம்ளர் அரிசி, 32 தம்ளர் தண்ணீர். தக்காளி, வெங்காயம், எண்ணெய், உப்பு எல்லாமே எட்டு மடங்கு. மூடியைத் திறந்தால் குண்டானில் இருந்தது தக்காளிக் கஞ்சி. மேலே ஒரு விரற்கடைக்கு எண்ணெய் மிதந்தது.

மறுநாள் விருந்துக்கு அடுப்பு மூட்ட வந்த சமையல் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“எத்தனை தம்ளர் தண்ணி சார் வெச்சீங்க?”

சொன்னேன்.

“முப்பத்திரண்டா? இருபத்தாறு போதுமே!”

அந்த 26 எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

நான் போட்ட கணக்கில் பிழையில்லை. கி.பி. 499-இல் ஆரியபடர் தமது நூலில் எழுதிவைத்த திரைராசிகம்தான் அது: இவ்வளவுக்கு இவ்வளவு என்றால், அவ்வளவுக்கு எவ்வளவு? நம் பாட்டிமாருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அளவைப் பாத்திரங்களே இரட்டித்து இரட்டித்து ஏறியதால், உழக்கரிசிச் சமையலைப் படியரிசிக்கு மாற்ற எல்லாவற்றையும் நான்கு தரம் அளந்தால் போதும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து என்பது ஆழாக்கிலும் செல்லும், மரக்காலிலும் செல்லும்.

தண்ணீர் அப்படியில்லை. வைத்த தண்ணீர் முழுவதையும் அரிசி குடிப்பதில்லை. ஒரு தம்ளர் அரிசி கிட்டத்தட்ட ஒன்றேகால் தம்ளரை உறிஞ்சும், மிச்சம் ஆவி. வீட்டுக் கணக்கில் அரிசிக்குப் போனது இரண்டரை, ஆவியாகப் போனது ஒன்றரை. உறிஞ்சுவது அரிசியோடு சேர்ந்து எட்டு மடங்காகும்: 20 தம்ளர். ஆவியாவதற்கும் அரிசிக்கும் சம்பந்தமில்லை. அது பாத்திரத்தின் வாயையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. அதே வடிவத்தில் அகலமும் உயரமும் இரண்டு மடங்காக உள்ள குண்டான் எட்டு மடங்கு கொள்ளும். ஆனால் அதன் வாயின் பரப்பு நான்கு மடங்குதான். கொதிக்கும் நேரம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒன்றரையை நாலால் பெருக்க 6. இருபதும் ஆறும் இருபத்தாறு. மாஸ்டர் இதில் ஒரு வரிகூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். கை சொல்லியிருக்கும்.

எண்ணெய் மிதந்ததற்கும் காரணம் இதுவே. தாளிக்கிற எண்ணெய் பாத்திரத்தின் அடியை மூடவும் வெங்காயம் வதங்கவும்தான். அடியும் நான்கு மடங்குதானே பெருகியது? ஐந்து மடங்கு எண்ணெயோடு நிறுத்தியிருக்கலாம்.

உப்பு, காரத்தைப் பெருக்கவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். எனக்கு உடன்பாடில்லை. உப்பு ஆவியாகாது, போட்டதெல்லாம் வாய்க்குத்தான் வரும். ஆகவே அது எட்டு மடங்குதான். ஆனால் நான்கு பேருக்கான அளவில் ‘ஒரு கைப்பிடி’ என்று தோராயமாக இருந்த தவறும் எட்டு மடங்காகிவிடும். முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து, மீதியைச் சேர்ப்பது அதற்காகத்தான்.

கேக்கில் வேறு சிக்கல். 6 அங்குல வட்டத் தட்டுக்கான மாவை 9 அங்குலத் தட்டுக்கு மாற்ற ஒன்றரை மடங்கு எடுத்தால், கேக் அப்பளம்போல உட்கார்ந்துவிடும். பார்க்க வேண்டியது பரப்பை: 36-க்கு 81, அதாவது இரண்டேகால் மடங்கு. இரண்டு முட்டை நாலரையாகும். அரை முட்டைக்கு எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். ஒன்றை உடைத்து அடித்து, எடைபோட்டுப் பாதியை ஊற்றினால் சரி.

காதுகுத்து முடிந்து மாஸ்டர் கிளம்பும்போது அவருடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சமையலுக்கும் எதிரே அரிசி, பருப்பு அளவோடு எந்த அண்டா என்பதையும் எழுதியிருந்தார். நீங்களும் அடுத்த முறை குறிப்பு எழுதும்போது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.