காங்கோவும் குரங்கம்மைப் பரீக்ஷையும்

காங்கோ நாட்டில் பஸான்குஸு ஆஸ்பத்திரிக்கு 1970-ம் வருஷத்தில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று அம்மைக் கொப்புளங்களுடன் கொண்டுவரப்பட்டது. அப்பிரதேசத்தில் வைசூரி ஒழிந்துவிட்டதென்று கருதப்பட்ட சமயம் அது. பரீக்ஷித்ததில் குரங்கம்மை என்று தெரிந்தது. மனிதரிடம் இவ்வியாதி கண்டறியப்பட்டது அதுவே முதல் தடவை. அரை நூற்றாண்டு கழிந்து, 2022-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவிய பிறகே உலக சுகாதார ஸ்தாபனம் அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. 2024-லோ, காங்கோவில் இந்நோய் கண்டதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பரீக்ஷையே நடக்கவில்லை. இது நியாயமா என்று கேட்கிறோம்.

பரீக்ஷை இல்லாவிடில் என்ன கெடுதி? சின்னம்மையையும் குரங்கம்மையையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிவது கடினம். சின்னம்மை கண்ட குழந்தையைக் குரங்கம்மை நோயாளிகளிடையே கிடத்தினால், இல்லாத வியாதியை வைத்தியசாலையே கொடுத்ததாகும்.

கொப்புளத்தினின்று எடுத்த பொருளில் வைரஸின் டி.என்.ஏ.வைப் பன்மடங்கு பெருக்கிக் காணும் பி.ஸி.ஆர். முறையே நம்பகமானது. ஆனால் அதற்கு இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். அதுவும் தவறுவதுண்டு. தென் கிவு மாகாணத்தில் கமிடூகா என்னும் தங்கச் சுரங்க ஊரில் பரவிய வைரஸ், ஒருவகைப் பரீக்ஷை தேடும் ஜீன் பகுதியையே இழந்திருந்தது. அப்பரீக்ஷை அதனிடம் பயன்படவில்லை.

மற்றொரு வழி, வைரஸின் மேற்புறத்திலுள்ள ஏ29 போன்ற புரதங்களைத் தேடுவது. அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் காகிதப் பட்டையில் பதித்துவிட்டால், சில நிமிஷங்களில் கோடு தெரியும், மின்சாரம் வேண்டுவதில்லை. குறையும் உண்டு. புரதத்தை இங்கே பெருக்கிக் காண வழியில்லை. ஆகையால் வைரஸ் சொற்பமாயிருந்தால் பட்டை ஏமாந்துவிடும். இக்குறை தீருமட்டும் பி.ஸி.ஆர். முறையைக் கைவிடலாகாது, பட்டையைச் செம்மைப்படுத்தும் முயற்சியையும் விடலாகாது.

இம்முயற்சி எங்கே நடக்கவேண்டும்? நோயாளிகள் காங்கோவில் இருக்கிறார்கள். கின்ஷாஸாவில் தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; 1976-ல் எபோலாவைக் கண்டறிந்த பணியில் பங்குகொண்ட முயெம்பே போன்ற மேதைகளை உடையது அது. நோய் ஒரு நாட்டினுடையதாகவும், அதை அறியும் கருவி மற்றொரு நாட்டின் சரக்காகவும் இருக்கும்வரை, ஏழையின் முறை கடைசியிலேதான் வரும். அந்நாட்டு விஞ்ஞானிகளே பரீக்ஷைச் சாதனங்களைச் செய்து சோதிக்கப் பொருளுதவி அளிப்பது தர்மமன்று, கடமை.