ஆயில் இன்ஜின் டக் டக்கென்று தட்டுகிறதா? கிராங்க் மாற்றும் முன் இதைப் பாருங்கள்



குழுக் கடனில் வாங்கி வாடகைக்கு விடும் பழைய 5 எச்.பி. ஆயில் இன்ஜின் நம்மில் பல குழுக்களிடம் இருக்கிறது. எங்கள் இன்ஜினும் போன கோடையில் தட்ட ஆரம்பித்தது. வந்து பார்த்த மெக்கானிக், "கிராங்க் போச்சும்மா. மாத்துங்க, இல்லாட்டி இரும்புக் கடைக்குப் போடுங்க" என்றார். கடனில் இன்னும் எட்டுத் தவணை பாக்கி. கூட்டத்தில் யாருக்கும் பேச்சே வரவில்லை.

கட்டை வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். கடையாணிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். இடமே இல்லாவிட்டால் சக்கரம் இறுகும். அதிகமானால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் இடிக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க் தண்டும் அப்படித்தான். சூட்டில் நீளுவதற்காக நீளவாக்கில் கொஞ்சம் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். இதைத்தான் பட்டறையில் 'எண்ட் பிளே' என்கிறார்கள். பல சிறு இன்ஜின்களில் இது 0.05 முதல் 0.20 மில்லி மீட்டர் வரை, அதாவது செய்தித்தாள் ஒன்றிலிருந்து மூன்று தாள் கனம்தான். உங்கள் இன்ஜினுக்கு அதன் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவே கணக்கு.

சோதிப்பது எப்படி? இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். டீசல் குழாயை மூடி, டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி விடுங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், பின்னலையும் முடிந்துகொள்ளுங்கள். இதை யாரும் விளையாட்டாக நினைக்க வேண்டாம்.

இப்போது பிளைவீலை இரண்டு கையாலும் உள்ளே தள்ளி, பிறகு வெளியே இழுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவு நகர்ந்தால் ஆட்டம் அதிகம். ஆனால் அவசரப்பட வேண்டாம். தண்டு முனையிலும் பிளைவீலிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். தண்டு நிற்க, பிளைவீல் மட்டும் ஆடினால் சாவிதான் தளர்ந்திருக்கிறது. அந்தச் சத்தமும் கிராங்க் சத்தம் போலவே ஏமாற்றும். அடுத்து, பிளைவீலுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நெம்புங்கள். மேலும் கீழும் ஆடினால் அது பேரிங் தேய்மானம். அது வேறு வேலை, செலவும் வேறு.

எங்கள் இன்ஜினில் தண்டும் பிளைவீலும் சேர்ந்தே முன்பின் நகர்ந்தன. மேல் கீழ் ஆட்டம் இல்லை. லேத் பட்டறைக்காரரை டயல் கேஜுடன் அழைத்து வந்தோம். 0.60 மி.மீ. காட்டியது!

பேரிங் ஹவுசிங்கைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. முந்தின வருடம் ஆயில் ஒழுகலை நிறுத்த, யாரோ தடித்த அட்டையை வெட்டி கேஸ்கட்டாக வைத்திருக்கிறார்கள். எங்கள் மாதிரி இன்ஜினில் அந்த இடத்துக் கனம்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. கனம் கூடினால் ஆட்டம் கூடும், குறைத்தால் குறையும். (சில இன்ஜின்களில் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கும், அதை மாற்ற வேண்டும்.) அட்டையை எடுத்துவிட்டு சரியான கேஸ்கட் போட்டதும் 0.15-க்கு வந்தது. "இன்னும் இறுக்கிடலாமா?" என்று கேட்டோம். "வேண்டாங்க்கா, சூடானா பிடிச்சுக்கும்" என்றார்.

கிராங்க் அதேதான். எட்டுத் தவணையில் மூன்றை வாடகைப் பணத்திலேயே கட்டிவிட்டோம். இப்போது மாதம் ஒருமுறை பிளைவீலைத் தள்ளிப் பார்த்து, வாடகை நோட்டிலேயே தேதி போட்டு எழுதுகிறோம்.