மஞ்சள் பைக்குள் பதினோரு மருந்து!

எங்கள் விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். சாமி பெயர் பழமலைநாதர், அம்மன் விருத்தாம்பிகை. முதுமையைக் கையெடுத்துக் கும்பிடுகிற ஊர்! இங்கேதான் போன வருஷம் ஒரு பெரியவரை அவர் மகன் கைத்தாங்கலாக என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார்.

வயது 78. பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"டாக்டர், அப்பாவுக்கு எந்நேரமும் தலை சுத்துது. இந்த மாசத்துல ரெண்டு தடவை விழுந்துட்டார். கை வேற நடுங்குது. வயசாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. பலத்துக்கு ஏதாவது லேகியம் கொடுங்களேன்."

"லேகியம் இருக்கட்டும் தம்பி. அய்யா இப்ப சாப்பிடற மருந்தையெல்லாம் மொத்தமா எடுத்துட்டு வாங்க" என்றேன்.

சாயங்காலம் ஒரு மஞ்சள் பை வந்தது. மேஜையில் கொட்டினால் பத்து மாத்திரை அட்டைகள், ஒரு சூரண டப்பா. டப்பாவின் மேல் இருந்தது... என் கையெழுத்து!

ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று

அட்டைகளைத் திருப்பிப் படித்தேன். வேறு வேறு பெயர் போட்ட இரண்டு அட்டைகளில் இருந்தது ஒரே ரத்த அழுத்த மருந்துதான் - அம்லோடிபின். வேறு வேறு இடத்தில் எழுதி வாங்கியது. பெரியவர் இரண்டையும் தினமும் விழுங்கியிருக்கிறார்.

இந்த மருந்தின் அளவு கூடினால் சிலருக்குக் கால் வீங்கும். வீங்கியது. வீக்கத்துக்கு இன்னொரு இடத்தில் நீர் பிரியும் மாத்திரை. அதனால் ராத்திரியில் அடிக்கடி எழுந்து போக வேண்டியதாயிற்று. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றியது. தலைசுற்றலுக்கு சின்னாரிசின். வயதானவர்கள் அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். போதாததற்குத் தூக்க மாத்திரை வேறு!

என் பங்கு? இருமலுக்குப் பத்து நாளைக்கு அதிமதுரம் சேர்ந்த சூரணம் கொடுத்திருந்தேன். பிடித்துப்போய், நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அதே டப்பாவில் நிரப்பித் தொடர்ந்திருக்கிறார். அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும். ரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் சத்து குறையும். நீர் பிரியும் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா அய்யா?" என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாடி பார்க்கக் கற்றேன். பையைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் இந்தப் பெரியவர்தான்.

முதியவர்களுக்கு மட்டும் ஏன்?

வயது ஏற ஏற சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. ஈரலும் தளர்கிறது. உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், சில தூக்க மாத்திரைகள் நாள்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். நாற்பது வயதுக்காரர் தாங்குகிற அளவு, மெலிந்த உடம்புக்கு அதிகம்.

முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியல் போட்டு 1991-ல் வெளியிட்டார் அமெரிக்க டாக்டர் மார்க் பியர்ஸ். அது 2023-லும் திருத்தி வெளியிடப்பட்டது. பொதுவாக ஐந்தும் அதற்கு மேலும் மருந்து சாப்பிடுகிறவர்களை டாக்டர்கள் தனிக் கவனத்தோடு பார்க்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

* எந்த டாக்டரிடம் போனாலும் மருந்துப் பை முழுவதையும் கொண்டு போங்கள். சூரணம், லேகியம், கண் சொட்டு மருந்து, சத்து மாத்திரை எல்லாம் அதில் அடக்கம்.

* அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் கம்பெனிப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் உடனே கேளுங்கள்.

* ஒரு தாளில் மருந்து, வேளை, எதற்காக, எழுதிக் கொடுத்தவர் யார் என்று குறித்து வையுங்கள். வீடு தேடி மருந்து கொண்டு வருபவர்களிடமும் அதைக் காட்டுங்கள்.

* மூட்டு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்த அழுத்த மருந்து, நீர் பிரியும் மாத்திரையோடு அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

* புதிதாகத் தலைசுற்றல், மறதி, தடுமாற்றம், மலச்சிக்கல் வந்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல், "சமீபத்தில் எந்த மருந்து சேர்ந்தது?" என்று யோசியுங்கள்.

* முக்கியமான எச்சரிக்கை! இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, சில இதய மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் விபரீதம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நானும் அன்று நிறுத்தியது என் சூரணத்தை மட்டுமே. விவரமெல்லாம் கடிதமாக எழுதி, பையோடு ஒரு பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ரத்தப் பரிசோதனை செய்து, ஒவ்வொன்றாகக் குறைத்து நாலு மருந்தில் கொண்டு வந்து நிறுத்தினார். கால் வீக்கம் வடிந்தது. நடுக்கம் தணிய மட்டும் சில மாதங்கள் ஆயிற்று.

சமீபத்தில் கம்பு ஊன்றித் தானாகவே வந்தார். "டாக்டர் தம்பி, லேகியம் கேட்டு வந்தேன். நீங்க இருந்ததையும் பிடுங்கிட்டீங்க!" என்று சிரித்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரின் மருந்து டப்பாவையும் ஒருமுறை கொட்டிப் பாருங்களேன்.