பால் பல்லுக்கு யார் காவல்?

மாணவர்களே, நம் நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாயைத் திறந்தால், ஏழு பேருக்காவது பற்சொத்தை இருக்கும். 2015இல் சுகாதார அமைச்சு பாலர்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் கிடைத்த அளவு 71.3 விழுக்காடு. 2005இல் அது 76.2 விழுக்காடாக இருந்தது. பத்து ஆண்டுகளில் இறங்கியது கொஞ்சம்தான்.

ஆனால், 12 வயது மாணவர்களின் கதை வேறு. அவர்களின் நிலைப்பற்களில் சொத்தை 1997இல் 60.9 விழுக்காடு, 2017இல் 33.3 விழுக்காடு. ஏன் இந்த வேறுபாடு?

முதலில், சொத்தை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. பல்லைச் சுற்றிய pH அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், பற்சிப்பியிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைகின்றன. உமிழ்நீர் அவற்றை மீண்டும் படிய வைக்கும்; ஃபுளோரைடு அந்த வேலையை விரைவுபடுத்தும். பால் பல்லின் சிப்பி மெல்லியது. அதனால் சொத்தை விரைவாக உள்ளே இறங்கிவிடும்.

இந்தப் போரில் பினாங்குக்கு ஒரு தனி இடம் உண்டு. 1921இல் நியூசிலாந்து, பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கவென்றே தாதியருக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1949இல் ஜோர்ஜ்டவுனில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி உருவானது. அங்கே பயின்றவர்கள் நாடெங்கும் பள்ளிகளுக்குச் சென்று பல் அடைத்தார்கள், சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள், துலக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் உங்கள் பள்ளிக்கு வரும் பல் சிகிச்சைக் குழு அந்தப் பாதையில் வந்ததுதான். 12 வயதினரின் எண்ணிக்கை இறங்கியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். பள்ளியில் சேராத சிறு பிள்ளையை அந்தக் குழு எளிதில் எட்டுவதில்லை.

இன்னொரு காவல், குழாய்நீரில் சேர்க்கும் ஃபுளோரைடு. அளவு கூடினால் பல்லில் வெண்திட்டுகள் தோன்றும். எனவே 2005இல் மலேசியா அதன் அளவை ஒரு லிட்டருக்கு 0.7 மில்லிகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. குறைத்ததால் சொத்தை கூடிவிடுமோ? மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபுளோரைடு சேர்த்த நீர் உள்ள பகுதியிலும் இல்லாத பகுதியிலும் மாணவர்களின் பற்களைச் சோதித்து ஒப்பிட்டார்கள். திட்டுகள் குறைந்திருந்தன; சொத்தையைத் தடுக்கும் பயனும் நீடித்தது. இப்படிப்பட்ட ஆய்வால் எந்த மருந்து நிறுவனத்துக்கும் லாபமில்லை. அதனால்தான் பொதுப் பணம் தேவைப்படுகிறது.

இப்போது தாசேக் கெலுகோருக்கு வருவோம். சாதாரணச் சொத்தையை அருகிலுள்ள அரசு பல் சிகிச்சையகமே அடைத்துவிடும். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பத்துப் பல் கெட்டுப்போய், நாற்காலியில் உட்காரவே பயந்தால்? ஆட்டிசம் உள்ள பிள்ளையாக இருந்தால்? முழு மயக்க மருந்து தர வேண்டிவரும். அதற்குச் சிறுவர் பல் நிபுணர், மயக்க மருத்துவர், அறுவைக்கூடம் மூன்றும் வேண்டும். இவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில்தான் உள்ளன. அங்கே போக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டிய பெற்றோர், வலி தாங்க முடியாத வரை தள்ளிப் போடுவார்கள்.

நிபுணர்கள் ஊர் தேடி வருவதற்கு முதல் படி ஆய்வு. எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள் என்று எண்ணினால்தான் அடுத்த நிபுணரை எங்கே நியமிப்பது என்று தெரியும். பக்கத்துக் கெப்பாலா பத்தாஸ் பெர்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, பல் மருத்துவ உயர்கழகம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு ஒதுக்கப்படும் ஆய்வுப் பணம் கிராமத்துப் பிள்ளைகளின் கணக்கையும் எடுக்க வேண்டும்.

அதுவரை ஒரு வேலை உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் தம்பி தங்கை இருந்தால், இரவு பால் குடித்த பிறகு ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவருக்கு அரிசிமணி அளவு பற்பசை போதும். அதற்கு மேல் பட்டாணி அளவு.